சிவத்தப் பூ தெரியிற யன்னல்

இந்தக் கதையில் வரும் மரத்தை நாங்கள் எல்லோரும் ஒரு தரமாவது வெட்டியிருக்கிறோம், ஆகவே சொல்லும்போது என் குரல் அங்கங்கே தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பட்டணத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சுவிஸில் இருக்கிறது, ஓர் ஏரி இருக்கிறது, ரயில் வரும், நாற்பத்தைந்து தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, அவ்வளவு போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் வைத்திருக்கிறேன். ஏன் என்பது போகப் போக விளங்கும்.

ஸ்டேஷன் தெருவில், மூன்றாம் மாடியில், நகரசபை அகதிகளுக்கென்று ஒதுக்கியிருந்த ஓர் அறைக்கு ஐப்பசி மாதம் ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்து சேர்ந்தார்கள். அவள் சுகிர்தா, கொடிகாமத்துப் பிள்ளை. அவன் நிலந்த, குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெடியன், சண்டை முடிந்தபிறகு வடக்கே திரும்ப ரயில் பாதை போட்டபோது சிக்னல் கம்பி இழுக்க வந்தவன். அவள் வீட்டுப் பின்வேலியோடுதான் தண்டவாளம் போனது, மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு கிழமைக்குள் செய்தி எங்கள் எல்லோருக்கும் எட்டிவிட்டது. எட்டியபிறகு நாங்கள் செய்தது என்னவென்றால், தமிழ்க் கடையில் அவளைக் கண்டால் கத்தரிக்காய்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் ஒரு சொல் கெடுதலாகச் சொல்லவில்லை. ஒரு சொல்லுமே சொல்லவில்லை.

அவர்கள் வந்த நாற்பத்தோராம் நாள் காலை, கட்டிலுக்கும் யன்னலுக்கும் நடுவில், தரைப் பலகையைப் பிளந்துகொண்டு ஒரு முள்முருக்கு எழும்பியது. முதல் நாள் சாண் உயரம், மூன்றாம் நாள் முழ உயரம், பத்தாம் நாள் ஆள் உயரம். உச்சியில் மாவிலை, மாவிலைக்குக் கீழே மஞ்சள் துணி, துணிக்குள் ஒரு காசு, துணியைச் சுற்றி ஒரு முடிச்சு. கலியாண வீட்டில் நல்ல நாள் பார்த்து நடுகிற கன்னிக்கால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. சுகிர்தா முடிச்சைப் பார்த்துவிட்டுக் கட்டிலின் மறுபக்கம் போய் நிலத்தில் இருந்தாள். நிலந்த தேத்தண்ணி போட்டான். அவர்களுக்கு இது நாலாம் தரம்.

நட்டவன் அவளுடைய பெரியண்ணன். கனடா மாப்பிள்ளைக்கு அவளைப் பேசி முடித்து, முற்றத்தில் தன் கையால் முருக்கந்தடியை ஊன்றி, துணி சுற்றி முடிச்சுப் போட்டு, நவதானியம் தூவிப் பாலும் ஊற்றிவிட்டுப் படுத்தவன். மூன்றாம் நாள் காலை ரயிலில் அவள் நிலந்தவோடு போய்விட்டாள். பந்தல்காரரும் சொந்தக்காரரும் பார்த்துக்கொண்டு நிற்க அவன் ஒரு கத்தியைத் தீட்டிக் கன்னிக்காலுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தி வைத்தான். "இது நான் கட்டின முடிச்சு. அவளைக் கொண்டுவந்து இதுக்குக் கீழை வெட்டிப் போடுமட்டும் இது பட்டுப்போகாது," என்றான். அது பட்டுப்போகவில்லை. அவள் எங்கே நாற்பது நாள் படுத்தெழும்பினாலும் நாற்பத்தோராம் நாள் அங்கே வந்து நின்றது.

கொழும்பு வெள்ளவத்தையில் சீமெந்துத் தரையைப் பிளந்து வந்தது. தை மாதம் அது பூத்தபோது தெருமுனையிலிருந்தே தெரிந்தது, யாரோ யாருக்கோ சொல்ல, அண்ணன் வந்தான். இவர்கள் குசினிக் கதவால் ஓடித் தப்பினார்கள், கட்டிலைத்தான் அவன் கொத்தியிருந்தான், இரண்டு தலையணையையும் நடுவில் பிளந்திருந்தான். நீர்கொழும்பிலும் வந்தது. குருநாகலில் நிலந்தவின் ஊரிலும் வந்தது. அங்கே கொத்த அண்ணன் வரத் தேவையிருக்கவில்லை. தமிழிச்சியைக் கூட்டி வந்தவன் வீட்டில் தமிழரின் மரமும் முளைக்கிறதா என்று நிலந்தவின் சித்தப்பாவும் ஆட்களும் வந்து கொட்டிலுக்கு நெருப்பு வைத்தார்கள். கொட்டில் எரிந்தது. மரம் எரியவில்லை.

அகதி மனுவின் முதல் விசாரணையில் அதிகாரி அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கொழும்பு பெரிய நகரம், அங்கேயே எங்காவது ஒளித்து இருந்திருக்கலாமே என்று கேட்டார். சுகிர்தா மரத்தைப் பற்றிச் சொன்னாள். அதிகாரி ஆச்சரியப்படவில்லை, முள் உண்டா, எவ்வளவு உயரம் வளரும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு பேனையை மூடிவிட்டு, மரம் ஒருவரைத் துன்புறுத்தியது என்று எங்கள் சட்டத்தில் எழுத இடமில்லை, நட்டவர் இன்னும் உங்களைத் தேடுகிறார் என்பதைக் காட்டுங்கள் என்றார். எப்படிக் காட்டுவது? அவனைக் காட்ட வேண்டுமென்றால் அவன் வர வேண்டும். அவன் வந்தால் காட்டுவதற்கு இவள் இருக்க வேண்டும். விசாரணை முடியும்வரை அந்த விலாசத்திலேயே இருக்க வேண்டும், மாறினால் கேஸ் போய்விடும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். ஆக அவள் மரத்தோடு இருந்தாள். விடியும் முன்னே எழும்பி மொட்டுக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். ஒன்று கிள்ளிய இடத்தில் இரண்டு வந்தது.

கட்டடத்தில் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. காவலாளி வந்து மேலும் கீழும் பார்த்து, நாய் வளர்க்கத்தான் அனுமதி வேண்டும், மரத்துக்கு வேண்டாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் சருகு கூட்டக்கூடாது, கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தை மாதம், கொட்டுகிற பனியில், மூன்றாம் மாடி யன்னலில் மரம் பூத்தது. அன்று அந்தத் தெருவால் வந்தவர் மணவறைக் கனகேந்திரன் அண்ணை. எங்கள் பட்டணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மணவறை வாடகைக்கு விடுகிறவர், பூ அலங்காரம், நாதஸ்வரச் சீடி, ஐயரை ஏற்றி இறக்குவது எல்லாம் அவர்தான். இருபது வருஷமாக ஓர் இரும்புப் பைப்புக்குப் பச்சைக் கடதாசி சுற்றி அதைத்தான் கன்னிக்கால் என்று நட்டு வந்தவர். ஐயர் ஒவ்வொரு கலியாணத்திலும் அந்தப் பைப்பைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார், அண்ணைக்கு அது நெஞ்சில் தைக்கும். சிவத்தப் பூவைக் கண்டதும் அவர் தன் வான் வண்டியை நடுத்தெருவிலேயே நிற்பாட்டிவிட்டு மூன்று மாடியும் ஓடி ஏறினார்.

தட்டினார். திரும்பத் தட்டினார்.

"பிள்ளை, நான் மணவறைக் கனகேந்திரன். பயப்பிடாதையுங்கோ. ஒரு கொப்புக் கேக்க வந்தனான்."

சங்கிலி போட்டபடி கதவு நாலு விரல் திறந்தது. நிலந்தவின் கையில் பொரிக்கிற தாச்சி ஒன்று இருந்தது.

"அண்ணை, வேண்டாம்," என்றாள் சுகிர்தா அவனுக்குப் பின்னால் நின்று. "இது நல்ல மரமில்லை."

"முருக்குக்கு என்ன பிள்ளை நல்லது கெட்டது? கடவுளே எண்டு பூத்து நிக்குது!"

"இந்த மரம் ஆள் தேடுது அண்ணை," என்றான் நிலந்த, தண்டவாளத்தில் படித்த தமிழில். "வெட்டினாலும் தேடும். கனக்க வெட்டினா கனக்கத் தேடும்."

அவர்கள் உள்ளே கூப்பிட்டு இருத்தி எல்லாவற்றையும் சொன்னார்கள். முடிச்சு, கத்தி, கட்டில், பிளந்த தலையணை எல்லாம். பெரியண்ணன் இரண்டு மாதமாகப் பாரிசில் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலைக்கு நிற்கிறான், அவளைத் தேடித்தான் வந்தான் என்று ஊரில் பேச்சு என்றும் சொன்னார்கள். கனகேந்திரன் அண்ணை உண்மையாகவே கண் கலங்கினார். என் வாயிலிருந்து உன் பெயர் வராது என்று தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். செய்துவிட்டு ஒரு கொப்பு வெட்டிக்கொண்டுதான் போனார்.

வெட்டிய கொப்பில் அடுத்த நாள் காலை மஞ்சள் துணி இருந்தது, அதே முடிச்சோடு. ஒருவரும் கட்டவில்லை. ஐயருக்குப் பரம சந்தோஷம். அந்தக் கலியாணம் முடிந்ததும் அடுத்த கலியாணக்காரர் கேட்டார்கள், பிறகு எல்லோரும் கேட்டோம். கலியாணத்துக்கு வெட்டினோம், புதுவீட்டுக் குடிபூரலுக்கு வெட்டினோம், கன்னிக்காலே தேவையில்லாத பிறந்தநாளுக்கும் வெட்டினோம். சுகிர்தா ஒவ்வொரு தரமும் வேண்டாம் என்றாள், நாங்கள் ஒவ்வொரு தரமும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு மரம் அறுக்கிற வாளை எடுத்தோம். நட்ட தடி எல்லாம் துளிர்த்தது. துளிர்த்த கன்னிக்காலை எறிய யாருக்கு மனம் வரும்? பூச்சட்டியில் வைத்தோம், ஆனால் அந்தச் சிங்களவன் வீட்டு மரம் என்று தெரியக்கூடாதென்று குளியலறையிலும் நிலவறையிலும் பிரிட்ஜுக்குப் பின்னாலும் வைத்தோம். ஒரு வருஷத்தில் இருபத்தேழு வீட்டில் மரம் நின்றது. அங்கே அது பூத்தால் இங்கே இதுகளும் அதே நாள் பூத்தன. ஒரு கலியாணத்துக்கும் நாங்கள் அவர்களை அழைக்கவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை.

அடுத்த மாசியில், ஒரு வியாழக்கிழமை பகல், கனகேந்திரன் அண்ணையின் போன் அடித்தது. நல்ல மரியாதையான குரல், பாரிசிலிருந்து.

"அண்ணை, போன கிழமைக் கலியாணத்தை நேரலையிலை பாத்தனான். அந்தக் கன்னிக்கால் உண்மையான முருக்கோ?"

"பின்னை? பிளாஸ்டிக் எண்டு நினைச்சீரோ தம்பி?"

"முடிச்சு ஆர் கட்டினது?"

"அது தானா வாறது. அதுதான் இந்த மரத்தின்ரை விசேஷம்," என்றார் அண்ணை, தானே வளர்த்த மரம்போல.

"மரம் எங்கை நிக்குது அண்ணை? எனக்கும் ஒரு கலியாண அலுவல் முடிக்கக் கிடக்கு. நேரிலை வந்து பாக்கலாமோ?"

இருபது வருஷம் இரும்புப் பைப்பை நட்டவருக்கு இப்படி ஒரு கேள்வி வந்தால் வாய் சும்மா இருக்குமா? ஒரு வருஷத்துக்கு முன் பாரிஸ் என்று கேட்டதை அந்தப் பெருமையில் மறந்து, நாங்கள் வழக்கமாக விலாசம் சொல்கிறபடியே அவரும் சொன்னார். "ஸ்டேஷனிலை இறங்கி நேரை வாரும். நம்பர் ஒண்டும் தேவையில்லை. சிவத்தப் பூ தெரியிற யன்னல்."

"நல்லது அண்ணை. சனிக்கிழமை காலமை வாறன். என்ரை பேர் சிவகரன்."

அன்று பின்னேரம் அண்ணை அந்த அறைக்குப் போய், பாரிசிலிருந்தே ஆள் வரப்போகுது, சிவகரன் என்று நல்ல பணிவான பெடியன் என்று பெருமையாகச் சொன்னார். சுகிர்தா துவாய் மடித்துக்கொண்டிருந்தாள். நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், மடிக்க முடியாமல் போகுமட்டும் மடித்தாள்.

"அண்ணை," என்றாள். "அது என்ரை பெரியண்ணா."

கனகேந்திரன் அண்ணை நின்ற இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டார். அவள் பெரியண்ணா பெரியண்ணா என்றுதான் எப்போதும் சொல்லியிருந்தாள், பெயரைக் கேட்க இவருக்குத் தோன்றவேயில்லை.

"நம்பர் குடுத்தீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. பூ தெரியிற யன்னல் எண்டு மட்டும்தான்..."

பொலிசுக்குச் சொன்னார்கள். அந்த அண்ணன் இந்த நாட்டில் இதுவரை என்ன செய்தார் என்று பொலிஸ் கேட்டது. இன்னும் ஒன்றும் செய்யவில்லை என்பதைத்தான் சொல்ல முடிந்தது. பூக்களை எல்லாம் பிய்த்தார்கள், அரை மணித்தியாலத்தில் திரும்பப் பூத்தது. கம்பளிப் போர்வையால் யன்னலை மூடினார்கள், பூக்கள் கண்ணாடிக்கும் போர்வைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு வந்து தெருவைப் பார்த்தன.

வழி கண்டுபிடித்தது அண்ணையின் மனைவி தவமலர் அக்கா. வெள்ளி முழுக்க அவர் வீடு வீடாக ஏறினார். "குளியலறைக்கை வைச்சிருக்கிற மரத்தை யன்னலுக்கு எடுங்கோ, நாளைக்கு ஒரு நாளைக்கு," என்றார். எங்களுக்கு விருப்பமில்லை. ஊரில் அவன் ஆட்கள் இருக்கிறார்கள், எங்கள் பெற்றோர் அங்கே இருக்கிறார்கள், அவள் விரும்பிப் போனதுக்கு எங்களுக்கேன் வில்லங்கம் என்றோம். நானும் சொன்னேன். தவமலர் அக்கா என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டு கேட்டார்:

"வெட்டேக்கை ஆற்றை மரமெண்டு கேட்டனீங்களோ? இப்ப மட்டும் ஆற்றை மரமெண்டு தெரியுதோ?"

நான் பிரிட்ஜை இழுத்துச் சட்டியை எடுத்தேன். இலை எல்லாம் உதிர்த்து, குப்பென்று பூத்து நின்றது.

சனிக்கிழமை நல்ல வெயில், தரையெல்லாம் பனி. சுகிர்தாவை அண்ணையின் வீட்டில் கொண்டுபோய் வைப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவள் கதவடியில் வந்து நின்றுவிட்டாள், படியில் இறங்கும்போது அவன் எதிரில் ஏறி வந்தால் என்ன செய்வது என்று கால் எடுத்து வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். அதனால் அண்ணையும் அக்காவும் அந்த அறைக்கு வந்து வீட்டுக்காரராக இருந்தார்கள். அவளும் நிலந்தவும் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார்கள்.

பதினொரு மணி ரயிலில் அவன் வந்தான். என் யன்னலிலிருந்து பார்த்தேன். மெலிந்த ஆள், புது ஜாக்கெட், தோளில் நீளமான ஒரு பை. ஸ்டேஷன் தெருவுக்குத் திரும்பியவன் அப்படியே நின்றான். தெருவின் இரண்டு பக்கமும் சிவத்தப் பூ. அடுத்த தெருவிலும் சிவத்தப் பூ. ஏரிக்கரை வீடுகளிலும், கோயில் வைத்திருக்கும் பழைய பண்டகசாலையிலும், ஐயர் வீட்டிலும் சிவத்தப் பூ. நான் என் சட்டியைக் கண்ணாடியோடு இன்னும் ஒட்டித் தள்ளி வைத்தேன்.

அவன் வீடு வீடாகத் தட்டினான். நாங்கள் திறந்தோம். எங்கள் மகளின் கலியாணக் கால் என்றோம், மகனின் கலியாணக் கால் என்றோம். அவன் மரியாதையாகக் கும்பிட்டு, முடிச்சைத் தடவிப் பார்த்து, ஏழு வீட்டில் தேத்தண்ணி குடித்தான். என் வீட்டில் சீனி வேண்டாம் என்றான். அந்தக் குரல் இத்தனை சாந்தமாக இருக்குமென்று நான் நினைக்கவில்லை, அதுதான் என்னை அதிகம் பயப்படுத்தியது.

நாலு மணிக்கு அந்த மூன்றாம் மாடிக்கு ஏறினான். இனித் தவமலர் அக்கா சொன்னதைத்தான் சொல்கிறேன். பையை மேசையில் வைத்தபோது உள்ளே இரும்புச் சத்தம் கேட்டதாம். மரத்தை மூன்று தரம் சுற்றி வந்தானாம்.

"இது நான் கட்டின முடிச்சு," என்றானாம்.

"தம்பி, இருவத்தேழு வீட்டிலை இதே முடிச்சு நிக்குது," என்றார் கனகேந்திரன் அண்ணை. "எல்லாத்தையும் நீரோ கட்டினீர்?"

அவன் குளியலறைக் கதவைப் பார்த்தான்.

"உள்ளுக்கை மகள் குளிக்கிறாள்," என்றார் அக்கா.

தண்ணீர்ச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அதை அவனும் கவனித்தான், அவன் கவனித்ததை அக்காவும் கவனித்தார். பிறகு உள்ளேயிருந்து குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நிலந்தவின் கைதான் திறந்தது, சுகிர்தாவின் வாயை மற்றக் கை பொத்தியிருந்தது. சிவகரன் மெல்லச் சிரித்தான். மரத்தடிக்குப் போய், முடிச்சின் இரண்டு நுனியையும் இரண்டு கையாலும் பிடித்து, பட்டை கிழிந்து சாறு வடியுமட்டும் இறுக்கி இழுத்தான். பையைத் தோளில் போட்டான். போய்விட்டு வருகிறேன் என்று எல்லோருக்கும் சொல்வதுபோலத்தான் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். ஐந்து மணி ரயிலில் போய்விட்டான்.

சுகிர்தா வெளியே வந்து அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நகத்தால் பார்த்தாள், பல்லால் பார்த்தாள், வாயெல்லாம் இரத்தமானது. முடிச்சு அசையவில்லை.

இரண்டாவது விசாரணைக்குக் கனகேந்திரன் அண்ணை சாட்சியாகப் போனார், கலியாணங்களுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு. அதிகாரி அம்மா கோப்பைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: அண்ணன் வந்தார், தேநீர் குடித்தார், யாரையும் தொடவில்லை, மிரட்டவில்லை, திரும்பிப் போனார். இனியும் ஏன் பயம்? சுகிர்தா வாய் திறக்குமுன் அண்ணை எழும்பினார். இருந்து பேசச் சொன்னார்கள், அவர் இருக்கவில்லை.

"அம்மா, அவனுக்கு வழி சொன்னது நான்தான். என்ரை வாய்க்கொழுப்பு. அதை முதல்லை எழுதுங்கோ. இருவது வரியமாக் கன்னிக்கால் நடுறன். ஒருக்காக் கட்டினாச் சரி, பிறகு ஒருத்தரும் அதைத் தொடமாட்டினம். இறுக்கிறது எண்டு எங்கடை வழக்கத்திலை ஒண்டு இல்லை. திரும்பி வர நினைக்கிறவன்தான் திரும்ப இறுக்குவான். இந்தப் பிள்ளைக்குப் பயம் எண்டு ஒரு வரியமா எழுதி வைச்சிருக்கிறியள். எனக்கும் பயமாக் கிடக்கு எண்டு எழுதுங்கோ. என்ரை பேரைப் போட்டு எழுதுங்கோ."

மொழிபெயர்ப்பாளரும் எங்கள் ஆள்தான். அவர் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தார். அதிகாரி ஒரு பழைய பக்கத்தைத் தேடி எடுத்து, மரம் என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் சிவகரன் என்ற பெயரை எழுதினார். பிறகு அதற்குக் கீழே அண்ணையின் பெயரையும் எழுதினார்.

சித்திரையில் கடிதம் வந்தது. அகதியாக ஏற்றுக்கொண்டார்கள், விரும்பிய ஊரில் இருக்கலாம். நாங்கள் எல்லோரும் கூடி, முதல் தடவையாக அந்த அறைக்கு வாள் இல்லாமல் போய், சாப்பாடு கொடுத்து அவர்களை வழியனுப்பினோம். தூரத்தில் வேறொரு பட்டணம். பெயர் கேட்காதீர்கள். விலாசம் கனகேந்திரன் அண்ணைக்கு மட்டும் தெரியும், அவர் இப்போது போனில் தெரியாதவரோடு மூன்று சொல்லுக்கு மேல் பேசுவதில்லை.

நாற்பது நாளும் நாங்கள் எண்ணினோம். நாற்பத்தோராம் நாள் காலை அண்ணையின் போன் அடித்தது.

"அண்ணை," என்றாள் சுகிர்தா. "வந்திட்டுது."

"எவ்வளவு உயரம்?"

"சாண் உயரம்."

"முடிச்சு?"

"இருக்கு. இறுக்கினபடியே இருக்கு."

"அழாதையுங்கோ பிள்ளை. அங்கை எத்தினை தமிழ்க் குடும்பம்?"

"முப்பதெண்டினம். ஒருத்தரும் கதைக்கிறேல்லை."

"கதைப்பினம்," என்றார் அண்ணை. தவமலர் அக்கா ஏற்கெனவே வாளுக்கு எண்ணெய் போடத் தொடங்கியிருந்தார், நாங்கள் வானுக்குள் வெறும் பூச்சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம், முப்பது சட்டி. "கதவைப் பூட்டிப்போட்டு இருங்கோ. பூக்கிறதுக்கு முன்னம் வாறம்."